நாற்பத்தொரு தாமதங்கள்

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்ததாக இன்றைக்கும் அம்பத்தூர் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். சுத்தப் பொய். நான் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு, தேவிப்பிரியா மணவாளன் என்று முழுப்பெயரில் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதில்தான் அவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் ஐந்தாம் மாடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் லாரிதான் தெரியும், விமானம் மருந்துக்குக்கூடக் கண்ணில் படாது. ஆனால் நீலாம்பரி ஏர்லைன்ஸின் எந்த விமானம் மீனம்பாக்கத்தில் எந்த கேட்டில் நிற்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்து திட்டம் போடுகிறவள் நான்தான். போட்டுக்கொண்டிருந்தவள்.

கேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாலம் இருக்கும். கட்டடத்திலிருந்து நேராக நடந்து விமானத்துக்குள் போய்விடலாம். இன்னொன்று கேட்டே இல்லை, தூரத்தில் வெறும் சிமெண்டுத் தரை. பஸ்ஸில் கொண்டுபோய் வெயிலில் இறக்கிவிட்டு, ஏணிப்படி ஏறச் சொல்வார்கள். ரிமோட் பே என்று அதற்குப் பெயர். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வெளிநாட்டுப் பக்கத்தில் எங்கள் கம்பெனிக்குப் பாலம் உள்ள கேட் இரண்டுதான். பதினான்கு, பதினைந்து. சிங்கப்பூர், கொழும்பு என்று இரண்டு விமானம் மட்டும் இருந்தவரை எல்லாருக்கும் நிம்மதி. போன நவம்பரில் பாங்காக்கைச் சேர்த்தார்கள். மூன்று விமானம், இரண்டு கேட். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூட ஒன்று வெளியே நிற்கும் என்று சொல்லிவிடும்.

"பாங்காக் புதுசு, அது கேட்ல நிக்கட்டும். சிங்கப்பூரை வெளியில தள்ளுங்க" என்றார் ஹேமநாதன் சார். எங்கள் திட்டப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சத்தம் போட்டே பேச மாட்டார். கழுத்தில் கத்தியை வைத்தால்கூட 'கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

"சார், சிங்கப்பூர்லதான் வீல்சேர் அதிகம்" என்றேன்.

"சாஃப்ட்வேர் ஒரு ஃபிளைட்டுக்கு நாலுன்னு சொல்லுது."

அந்த நாலை எவன் எழுதினானோ, அவன் நம் ஊர் அப்பா அம்மாவை ஒருமுறைகூட வெளிநாட்டுக்கு வழியனுப்பிப் பார்த்திருக்க மாட்டான். முகப்பேரில் எங்கள் சின்னம்மாவின் எதிர் ஃபிளாட்டில் மங்களம் அம்மா இருக்கிறார். அறுபத்தாறு வயது. தினமும் காலையில் பூங்காவை எட்டுச் சுற்று சுற்றுவார், நம்மால் கூட நடக்க முடியாது. அவரே விமான நிலையத்துக்கு வந்தால் சக்கர நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துவிடுவார். காலில் ஒரு குறையும் கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி, எந்தப் பக்கம் போவது, எந்தப் படிவம், அந்த அதிகாரி இங்கிலீஷில் என்ன கேட்பான் என்று பயம். மகள் டிக்கெட் போடும்போதே வீல்சேர் என்று ஒரு கட்டத்தைத் தட்டிவிடுகிறாள். அவ்வளவுதான், இங்கே ஒருத்தி தள்ளுவாள், அங்கே ஒருத்தி வாங்கிக்கொள்வாள், கடைசியில் மகள் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். இதை ஏமாற்று என்று சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும். வாயைத் திறந்து வழி கேட்கக் கூச்சப்படுகிற மனிதர்கள் கண்டுபிடித்த வழி அது.

ஆக, சிங்கப்பூர் விமானத்தில் நாலு இல்லை, நாற்பது. பாலம் இருந்தால் நாற்பதையும் வரிசையாக உருட்டிக்கொண்டு போய்விடலாம். ரிமோட் பேயில் விமானத்தின் கதவு இரண்டு ஆள் உயரத்தில் இருக்கும். ஏற்றுவதற்குத் தூக்கு வண்டி ஒன்று உண்டு, அதில் ஒரு தடவைக்கு ஆறு நாற்காலி. ஏற்றி, உயர்த்தி, உள்ளே விட்டு, இறங்கி வரப் பன்னிரண்டு நிமிடம். ஏழு தடவை போக வேண்டும். எண்பத்து நாலு நிமிடம். திட்டத்தில் அதற்குக் கொடுத்திருந்தது ஐம்பது நிமிடம்.

இதையெல்லாம் நான் சொன்னேன். "சமாளிச்சுக்கலாம்" என்றார். நவம்பர் மாதத் திட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன்! அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

மே மாதம், ஒரு திங்கட்கிழமை. ஹேமநாதன் சார் என் மேஜைக்கே வந்து நின்றார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"மெல்போர்ன் முடிவாயிடுச்சு! டைரக்ட் ஃபிளைட். காலை பத்தரை. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஏர்போர்ட் ஒதுக்கீட்டுக் குழுவோட வீடியோ மீட்டிங். கடைசி ஆறு மாசத்துல கேட் பத்தாம எத்தனை தாமதம்னு ஒரு அறிக்கை கேக்குறாங்க. திட்டம் உங்களோடது, அதனால அறிக்கையிலயும் உங்க சைன் வேணும். வெறும் ஃபார்மாலிட்டிதான் தேவிப்பிரியா."

அறிக்கையைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் தாமதமானால் அதற்குக் காரணம் சொல்லும் குறியீட்டு எண் ஒன்றைப் போட வேண்டும், கோட் என்போம். மழைக்கு ஒரு கோட், எஞ்சினுக்கு ஒரு கோட், கேட் கிடைக்காததற்கு ஒரு கோட், வீல்சேர் ஏற்றத் தாமதமானதற்கு ஒரு கோட். கோட் யார் தலையில் விழுகிறதோ, பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். விமான நிலையத்தில் சண்டையில் பாதி இந்தக் கோட்டுக்காகத்தான் நடக்கும். அறிக்கையில் சிங்கப்பூர் விமானம் ஆறு மாதத்தில் நாற்பத்தொரு நாள் தாமதம். நாற்பத்தொன்றுக்கும் வீல்சேர் கோட். கேட் கோட், பூஜ்யம்.

"சார், கேட்டால தாமதம் ஒண்ணுகூட இல்லைன்னு இருக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"சிங்கப்பூர் ஆறு மாசமா வெளியில நிக்குது சார்."

"நிக்கிறது தப்பில்லையே. ஏத்துறவங்க லேட் பண்ணாங்க. வீல்சேர் காண்ட்ராக்ட்காரங்களே ஒத்துக்கிட்டு அந்த சூப்பர்வைசரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை."

அந்த சூப்பர்வைசர் சுதா. எங்கள் தெரு சுதா.

வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று பத்து நாளுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். 'ஏதோ லேட்டாம்' என்று அவள் போனில் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. உறைத்ததை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டேன். அதைச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மெல்போர்ன் விமானம் பெருசு சார். அது நின்னா பதினாலு, பதினஞ்சு ரெண்டு கேட்டையும் அடைச்சிக்கும். அப்ப மூணு விமானமும் வெளிய போகும். மூணுலயும் நாப்பது நாப்பது பேர். மத்தியானம் ரெண்டு கேட்டும் சும்மா கிடக்குது. பாங்காக்கைப் பன்னெண்டரைக்கு மாத்திட்டு, மெல்போர்னை ரெண்டரைக்கு எடுங்க. மெல்போர்ன் பேச்சு வந்த மார்ச்லயே நான் எழுதிக் கொடுத்தேன்."

"போஸ்டர் அடிச்சாச்சு தேவிப்பிரியா. பாடி மேம்பாலம் இறங்குற இடத்துல எவ்ளோ பெருசா வச்சிருக்காங்க, பாக்கலையா? காலையில் கிளம்புங்கள்னு."

"காலையில கிளம்பினா அங்க ராத்திரி ஒண்ணே முக்காலுக்குப் போய் இறங்குவாங்க. எந்தப் பிள்ளை சார் அந்நேரத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவான்?"

அவர் சிரித்தார். "ஜூன்ல சீனியர் போஸ்ட் ஒண்ணு வருது. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுதா வீட்டுக்குப் போனேன்.

சுதாவும் நானும் திருமுல்லைவாயிலில் ஒரே தெரு. எங்கள் இரண்டு வீட்டு நிலமும் இப்போது நாலு மாடி ஃபிளாட்டாகிவிட்டது. அதில் எங்களுக்கு ஒரு ஏக்கமும் கிடையாது, கடலை பிடுங்கி இடுப்பு ஒடிந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நாளில் விமான நிலையத்தில் வீல்சேர் தள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தோம். அவள் சோறு கொண்டுவருவாள், நான் குழம்பு. டப்பா ஒன்றுதான், ஸ்பூன்கூட ஒன்றுதான். நான் தபாலில் படித்து ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டேன். அவள் அங்கேயே இருந்து இருபத்தைந்து பேருக்கு சூப்பர்வைசர் ஆனாள். பயணிகளுக்கு அவள் மேல் அத்தனை பிரியம். மங்களம் அம்மா சிங்கப்பூரிலிருந்து வந்தால் அவளுக்கென்று ஒரு டப்பா மைலோ கொண்டுவருவார்.

கதவைத் திறந்தவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அவள் அம்மா பத்மா அத்தை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"வா, குந்து. இன்னா, ஆபீஸ்ல இருந்து நேரா வந்துகினு கீறியா?"

"விசாரணைல இன்னா சொல்லப்போற?"

"இன்னாத்த சொல்றது? என் தப்புதான்னு எழுதிக் குடுத்தா கருணை காட்டுவாங்களாம். இல்லாங்காட்டி வேலையும் போச்சு, ஏர்போர்ட் பாஸும் போச்சு. பாஸைப் புடுங்கிட்டான்னா அப்பால எந்த ஏர்போர்ட்லயும் உள்ள வுட மாட்டான்டி. எழுதிக் குடுத்துடலாம்னு கீறேன்."

"நீ இன்னா தப்பு பண்ண?"

"நானா? தூக்கு வண்டி ஒண்ணு. ஆள் நாப்பது. வெயில்ல ஒரு பெரியவரு மயக்கமாயிட்டாரு, என் துப்பட்டாவ நனைச்சி அவரு தலைல போட்டேன். அன்னிக்கும் லேட்டு. அதுக்கும் நான்தான் காரணமாம்." அவள் குரல் ஏறியது. "யாருன்னு தெரிஞ்சா நேராப் போயி நாக்கப் புடுங்கிக்கிற மாரி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துருவேன். பிளேனை ஊருக்கு அந்தாண்ட நிறுத்திட்டு, அம்பது நிமிசத்துல ஏத்துன்னு பிளான் போட்டுக் குடுத்துச்சே, ஏசில குந்திகினு, அந்தப் பேமானி யாரு?"

"நான்தான்" என்றேன்.

முதலில் அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னாது?"

"பிளான்ல என் கையெழுத்துதான் கீது சுதா. நவம்பர்ல போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். ஆனா கோட் உன் தலைல வுயும்னு..."

"தெரியாதா?"

என் பார்வை தரைக்குப் போய்விட்டது. அதுவே பதிலாகிவிட்டது.

"அஞ்சு வருசம் ஒரே டப்பால துன்னோம்டி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எழுந்து போ."

"நீ எதுவும் எழுதிக் குடுக்காத. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துகினது போதும். எழுந்து போ தேவி."

அன்று இரவு எனக்கு இறங்கிய சோறு இரண்டு கவளம். என் வீட்டுக்காரர் மணவாளன் பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதப் பதவி உயர்வையும் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வேலை போயிடுமா?"

"போனாலும் போவும்."

"போனா எங்க பட்டறைக்கு வா. இரும்புத்தூள் கூட்ட ஆள் கேட்டுகினு கீறாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சுதா வந்து இந்த ஊட்ல திரும்பச் சிரிச்சிப் பேசணும். அத்த மட்டும் பாத்துக்க."

ஒன்பது நாற்பதுக்கு என் மேஜையில் உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனி விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. திட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், அறிக்கை பூட்டப்படும் வரை, தாமதத்தின் கோட்டைத் திருத்தலாம். திருத்தினால் காரணம் எழுத வேண்டும். நகல் ஒன்று தானாகவே விமான நிலையத்துக்கும் காண்ட்ராக்ட் கம்பெனிக்கும் போய்விடும். அறிக்கையைப் பூட்டுவது என் கையெழுத்து. அதாவது, கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நொடி முன்பு வரை அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. அவசர அவசரமாகக் கையெழுத்து கேட்கிற மனிதருக்கு அது ஞாபகம் வராது.

முதல் தாமதம், நவம்பர் ஆறு. திறந்தேன். வீல்சேர் கோட்டை எடுத்துவிட்டு கேட் கோட்டைப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: 'பாலம் உள்ள கேட் இல்லை. விமானத்தை வெளியே நிறுத்தும் திட்டத்தைப் போட்டது நான். வீல்சேர் பணியாளர்கள் காரணமில்லை. தேவிப்பிரியா.' இரண்டாவது, நவம்பர் ஒன்பது. அதே நாலு வரி. வெட்டி ஒட்டியிருக்கலாம், இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் ஒவ்வொன்றையும் தட்டினேன். நாற்பத்தொரு தடவை அவள் பெயரைக் கெடுத்திருக்கிறேன், நாற்பத்தொரு தடவை என் விரல் வலிக்கட்டும் என்று தோன்றியது. ஏப்ரல் பதினேழில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: 'வெயிலில் ஒரு பயணி மயங்கினார். சூப்பர்வைசர் சுதா தன் துப்பட்டாவை நனைத்து அவருக்குப் போட்டார்.' அதற்கு எந்தக் கோட்டும் இல்லை. இருந்தாலும் எழுதினேன்.

பத்தரைக்கு ஹேமநாதன் சாரிடமிருந்து செய்தி. 'சைன்?' பத்து நாற்பதுக்கு இன்னொன்று. 'சைன் ப்ளீஸ்.' பத்து ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். போட்டாச்சு சார் என்று பதில் அனுப்பினேன். அவர் கட்டைவிரல் பொம்மை ஒன்று அனுப்பினார்.

மீட்டிங் அறையில் பெரிய திரை. ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஹேமநாதன் சார் மெல்போர்ன் படங்களைக் காட்டி, இருபது நிமிடம் பேசினார். கங்காருகூட வந்தது. முடித்ததும் அந்த அம்மா கேட்டார்.

"கேட்டால் ஏற்பட்ட தாமதம் எவ்வளவு என்றீர்கள்?"

"ஜீரோ மேடம்."

"எனக்கு வந்த அறிக்கையில் நாற்பத்தொன்று என்று இருக்கிறதே?"

ஹேமநாதன் சார் என்னைப் பார்த்தார். திரும்பித் தன் கணினியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னை. ஆறு வருஷத்தில் அந்த மனிதரின் காது சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டேட்டா எரர் மேடம். எங்க ஸ்டாஃப் தவறா..."

"தவறு இல்லைங்க மேடம்" என்று மைக்கை என் பக்கம் இழுத்தேன். "அந்த ஸ்டாஃப் நான்தான். ஆறு மாசமா தவறா இருந்ததை இன்னைக்குக் காலைலதான் சரி பண்ணேன். எங்ககிட்ட கேட் ரெண்டு, விமானம் மூணு. ஒண்ணை வெளிய நிறுத்திட்டு, நாப்பது பேரை அம்பது நிமிஷத்துல ஏத்தச் சொன்னோம். ஏறலை. ஏறாதது அவங்க தப்புன்னு எழுதினோம். அதுக்காக ஒரு பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை வேலை போகப்போகுது. இப்ப மெல்போர்ன் வந்தா மூணு விமானம் வெளிய நிக்கும். ஒருநாளைக்கு நூத்திருபது பேர் வெயில்ல நிப்பாங்க. அதுக்கும் ஒரு கோட் போட்டு, இன்னும் நாலு பேர் தலைல கட்டுவோம்."

"தேவிப்பிரியா, போதும்" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னும் ஒரு நிமிஷம் சார். மெல்போர்ன் வேணாம்னு நான் சொல்லலை மேடம். தாராளமா வரட்டும். எங்க ஊர்ல பாதிப் பேர் பிள்ளைங்க அங்கதான் இருக்காங்க. ரெண்டரைக்கு வரட்டும். அப்ப ரெண்டு கேட்டும் காலியா இருக்கு. காலையில அஞ்சே முக்காலுக்குப் போய் இறங்கலாம், பிள்ளைங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டு ஆபீசுக்கும் போகலாம். பாங்காக்கைப் பன்னெண்டரைக்கு மாத்தினா சிங்கப்பூருக்குப் பழையபடி பாலம் கிடைக்கும். திட்டம் இதோ இருக்கு."

மார்ச் மாதத்துத் திட்டத்தைத் திரையில் போட்டேன். அந்த அம்மா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, கடைசி வரி வரை படித்தார்.

"காலை பத்தரைக்கு அனுமதி இல்லை" என்றார். "இரண்டரை என்றால் விண்ணப்பத்தை மாற்றிக் கொண்டுவாருங்கள்."

திரை அணைந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"கம்பெனிக்குத் துரோகம் பண்ணிட்டீங்க" என்றார். அப்போதும் சத்தம் போடவில்லை.

"கையெழுத்து கேட்டீங்க சார். போட்டேன்."

மறுநாள் கடிதம் வந்தது. திட்டப் பிரிவிலிருந்து விடுவித்து, விமான நிலையத்தில் ரிமோட் பே ஒருங்கிணைப்பாளராக மாற்றம். பதவியில் இரண்டு படி இறக்கம். "வெயில் கொஞ்சம் அதிகமா இருக்கும்" என்றார், கடிதத்தை நீட்டிக்கொண்டே.

"அங்கேர்ந்துதான் சார் மேல வந்தேன். எனக்கு ஒண்ணும் தோல் உரிஞ்சிடாது" என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நாற்பத்தொரு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு திருமுல்லைவாயில் போனேன். சுதா வெளியே வரவில்லை. பத்மா அத்தையிடம் கொடுத்தேன். "இத்த வெச்சிகினு விசாரணைக்குப் போச் சொல்லு அத்தே. எதுவும் எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லு." உள்ளேயிருந்து தட்டு ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. எனக்கான பதில் அதுதான்.

வெள்ளிக்கிழமை விசாரணை பதினைந்து நிமிடத்தில் முடிந்ததாம். திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்துவிட்டாள், பாஸ் கழுத்தில் தொங்க. தூரத்திலிருந்து பார்த்தேன். நானும் அதே விமான நிலையத்தில்தான், ஆரஞ்சு நிறச் சட்டைக்கு மேல் வாக்கி டாக்கி, தலையில் ஒரு தொப்பி. மே போனது, ஜூன் போனது, ஜூலை போனது. வாக்கி டாக்கியில் வேலைப் பேச்சு மட்டும் பேசுவாள். 'ரிமோட் பே, தூக்கு வண்டி எங்க?' 'வந்துகினு கீது.' அவ்வளவுதான். மதியம் நான் தனியாக பஸ் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பும் நானே, சோறும் நானே. வாய்க்கு விளங்கவே இல்லை. ஆனாலும் ஒருநாளும் போய்க் கெஞ்சவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது, அதை நான் ஏன் பிடுங்க வேண்டும்?

ஆகஸ்டில் மெல்போர்ன் வந்தது. இரண்டரை மணி விமானம். பாடி மேம்பாலத்துப் போஸ்டரில் 'காலையில்' என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்த்து பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்தேன்.

விமானம் பதினான்கு, பதினைந்து இரண்டையும் அடைத்துக்கொண்டு பூதாகாரமாக நின்றது. பாலத்தின் கண்ணாடி வழியாகக் கீழிருந்தே தெரிந்தது. ஒன்றன் பின் ஒன்றாக சக்கர நாற்காலிகள். அறுபத்து மூன்று! சாஃப்ட்வேர் அன்றைக்கும் நாலு என்றுதான் சொல்லியிருக்கும். பட்டுப்புடவை, மடியில் ஊறுகாய்ப் பை, காலில் புது ஷூ. பத்தாவதோ பதினோராவதோ மங்களம் அம்மா மாதிரி இருந்தது. அவர் மகன் மெல்போர்னில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரைத் தள்ளிக்கொண்டு போனவள் சுதா. கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு கணம் கீழே பார்த்தாள். நான் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு இருபத்தாறுக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. பொது அலைவரிசை. எல்லாருக்கும் கேட்கும்.

"கேட் பதினாலு. அறுபத்து மூணு வீல்சேரும் ஏறியாச்சு. கதவு மூடியாச்சு. நாலு நிமிசம் முன்னாடியே."

"ரிமோட் பே, சரி" என்றேன்.

விமானம் பின்னால் நகர ஆரம்பித்தது. மறுபடியும் அவள் குரல்.

"தேவி."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் பெயர்.

"சொல்லு."

"இதுக்கு இன்னா கோட் போடுவாங்க?"

"நேரத்துக்குக் கெளம்பினா கோட் கெடையாது சுதா."

"அப்ப யார் பேரும் வராதா?"

"வராது."

"உன் பேரும்?"

"என் பேரும் வராது."

அந்த அலைவரிசையில் பஸ் ஓட்டுநர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், தூக்கு வண்டிக்காரர் என்று ஒரு ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை.

"அப்ப மேல வா" என்றாள் சுதா. "சோத்த வெச்சிகினு எவ்ளோ நேரம் குந்தியிருக்கறது? குழம்பு கொண்டாந்தியா, இல்லியா?"